வீட்டில் எத்தனை தோட்டா

என் வீட்டுக்காரரிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் பயப்படுவார்கள், அப்புறம் சிரிப்பார்கள். அவரை நேரில் பார்த்திருந்தால் சிரிப்புதான் முதலில் வரும். கொசுவை அடிக்கக்கூட யோசிக்கிற மனுஷர். பேங்க் வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு இருபது வருஷத்துக்கு மேல் நின்று, ஒரு தரம்கூடச் சுடாமல் ஓய்வு பெற்றவர். அந்தத் துப்பாக்கியால் இதுவரை யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. எனக்கு மட்டும் அதைப் பார்த்தாலே வயிறு எரியும்.

நான் அவருக்கு இரண்டாவது. முதல் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் கழித்துத்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அப்பா வேலை செய்த மில்லை மூடியபோதே எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சையும் மூடிவிட்டார்கள். நான் ஒரு நொத்தேர் ஆபீஸில், பத்திரம் எழுதிப் பதிவு செய்கிற இடத்தில், தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எந்த வீட்டில் யாருக்கு எந்தப் பாகம் என்று நாள் முழுக்க அடித்து அடித்து, எனக்கென்று ஒரு பாகமும் இல்லாமல் வயது ஏறிக்கொண்டிருந்தது. வந்தவருக்குக் குடி இல்லை, பிள்ளைகள் இல்லை, ராணுவத்தில் இருந்து வந்ததால் பென்ஷன் உண்டு. எங்கள் ஊரில் சொல்தா என்றால் பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்தவர் என்று அர்த்தம், அதனால் ஆபீஸில் என்னைக் கிண்டல் செய்தார்கள். "சொல்தாவையா கட்டிக்கப் போற? பென்ஷன் யூரோவுல வருமா, ரூபாய்ல வருமா?" என்று கேட்டார்கள். ரூபாய்தான் என்றதும் அவர்களுக்குக் கொஞ்சம் சப்பென்று போய்விட்டது. எனக்குப் போகவில்லை.

கருவடிக்குப்பத்தில் அவர் வீட்டுக்கு வந்த முதல் நாள், கூடத்துச் சுவரில் முதல் மனைவியின் படம் மாட்டியிருந்தது. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை அந்தப் படத்துக்குப் பூ வைக்கிறவள் நான்தான். வட்ட முகம், கண்ணில் சிரிப்பு, நெற்றியில் பெரிய பொட்டு. எனக்கும் அவளுக்கும் பிள்ளை இல்லை, அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் சமம். படம் சுவரில் இருக்கிறது, நான் தரையில் நடமாடுகிறேன், யாரும் யாரையும் இடித்துக்கொள்ளவில்லை. என்னை இடித்தது பீரோவுக்குள் இருந்தது.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், துப்பாக்கி எப்படி வந்தது என்று நானே வாயைக் கொடுத்துக் கேட்டேன். பட்டாளத்தில் இருந்து திரும்பி வந்து வேலையில்லாமல் இருந்திருக்கிறார். பேங்க்கில் காவலுக்கு ஆள் கேட்டார்கள், ஆனால் சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருப்பவர்தான் வேண்டும் என்றார்கள். லைசென்ஸ் கிடைத்துவிட்டது. துப்பாக்கி வாங்க வழியில்லை. அவள் தாலியை மட்டும் கழுத்தில் வைத்துக்கொண்டு மற்ற நகையை எல்லாம் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். இவர் சென்னைக்குப் போய் வாங்கி வந்தார். "இந்த வீட்ல அடுப்பு எரியறது அவ புண்ணியம்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார். அன்றைக்கு அந்த அடுப்பில் சமைத்தது நான். நான் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அவளுக்குப் புண்ணியம் கொடுத்தால் எனக்கு எப்படி இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில், மற்ற வீட்டு ஆண்கள் கறிக்கடையில் நிற்கிற நேரத்தில், எங்கள் கூடத்தில் ஒரு பழைய பெட்ஷீட் விரியும். இடுப்புக் கயிற்றில் இருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறப்பார். துப்பாக்கியைக் கழற்றி, குழல் தனியாக, கட்டை தனியாகப் பரப்பி வைப்பார். நீளமான கம்பியில் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுப்பார். அப்புறம் எண்ணெய். ஒரு சொட்டு அதிகமானால் துடைப்பார், குறைந்தால் மறுபடி விடுவார். அந்த நேரத்தில் கூப்பிட்டால் காது கேட்காது. பத்து மணிக்கு மேல்தான் மனுஷர் நம் உலகத்துக்குத் திரும்பி வருவார்.

ஒரு தரம் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். "எனக்கு முதுகு வலின்னு காலைலேர்ந்து சொல்றேன். அதுக்கு எண்ணெ தடவத் தோணல. இதுக்குத் தடவறீங்க."

"இதுக்கு வாயில்ல. வலிச்சா சொல்லாது" என்றார்.

"அப்ப நானும் சொல்லாம இருந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். அவருக்கு அதுவும் காதில் விழவில்லை.

தோட்டாக்கள், நாங்கள் படுக்கிற அறையில் இருந்த அதே பீரோவின் லாக்கரில் இருந்தன. துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனியாகப் பூட்டில் இருக்க வேண்டுமாம். சிவப்பு உடம்பு, அடியில் பித்தளை. ஊர்க் காற்றில் உப்பு என்பதால் பித்தளையில் களிம்பு ஏறும், அதையும் துடைத்து வைப்பார். எங்கள் வீட்டில் பூட்டு உள்ள இடம் அந்தப் பீரோவும் அதன் லாக்கரும்தான். என் வளையல்களும் அம்மா போட்ட சங்கிலியும் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. நான் ஒரு நாளும் லாக்கருக்குள் எட்டிப் பார்த்ததில்லை. எத்தனை தோட்டா இருக்கிறது என்று கேட்டதும் இல்லை. அவள் சொத்தை நான் எதற்கு எண்ண வேண்டும் என்ற வீம்பு.

அவர் ஓய்வு பெற்றார். இனி துப்பாக்கிக்கு வேலை இல்லை, விற்றுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். "பாக்கலாம்" என்றார். என் வீட்டுக்காரர் பார்க்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம். மற்ற நாட்களில் பேப்பர் படித்தார், செடிக்குத் தண்ணீர் விட்டார், மோட்டார் போட்டு அணைக்க மறந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சட்டையை மடித்து விட்டுக்கொண்டு பெட்ஷீட்டில் உட்கார்ந்தார். யாருக்கும் காவல் இல்லாத ஒரு துப்பாக்கியை அவர் காவல் காத்தார்.

அப்போதுதான் தேர்தல் வந்தது. எங்கள் பக்கத்தில் தேர்தல் அறிவித்தால் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் அதைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பேங்க் காவலாளி என்பதால் அதுவரை இவருக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். இந்த முறை விலக்கு இல்லை. ஸ்டேஷனில் இருந்து ஆள் வந்து சொன்னதும் இவர் முகம் தொங்கிப் போனது. குழந்தைக்கு ஊசி போடக் கூட்டிப் போகிறவர் மாதிரி, துணி உறையில் சுற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனார். தோட்டாக்களை ஒரு பையில் போட்டு அதையும் எடுத்துப் போனார். நான் வாசலில் நின்று வழியனுப்பினேன். உள்ளே வந்து ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. சக்களத்தி ஊரில் இல்லாத வீடு. முதல் ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "வாங்க, மீன் வாங்கப் போலாம்" என்று ஸ்கூட்டரை எடுக்க வைத்தேன். பிள்ளைச்சாவடியில் படகு வந்து சேர்ந்த நேரம். இறால் வாங்கினோம். அப்படியே ரோட்டில் காலாப்பட்டு வரைக்கும் போய், சென்னை பஸ்ஸுக்கு நிற்கிற காலேஜ் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தோம். வீட்டுக்கு வந்து அவரே உட்கார்ந்து இறாலை உரித்தார். உரித்துக்கொண்டே ராஜஸ்தானில் மணல் புயலில் கூடாரம் பறந்த கதையைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் எனக்கு அந்தக் கதை தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது, அதை அப்படியே அமுக்கிவிட்டேன்.

அடுத்த வாரம் அவரே சாவியைக் கயிற்றில் இருந்து கழற்றிக் கொடுத்தார். "லாக்கர் சும்மாதான கெடக்குது. உன் டப்பாவ அதுல வெச்சுக்கோ" என்றார். வைத்தேன். எண்ணெய் வாசனை அடித்த தட்டை மூன்று தரம் துடைத்துவிட்டு வைத்தேன். சாவியை என் தாலிக் கயிற்றில் ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண், "இன்னாக்கா, முகமே பளபளன்னு இருக்குது" என்றாள். வெயில் என்று சொல்லி வைத்தேன்.

தேர்தல் முடிந்து முடிவும் வந்தது. ஜெயித்தவர்கள் பட்டாசு வெடித்துக்கொண்டு தெருவில் போனபோது நான் ஜன்னலைச் சாத்தினேன். யார் ஜெயித்தால் என்ன, தோற்றது நான்தான். மறுநாளே இவர் சவரம் செய்துகொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். வெறும் கையோடு திரும்பி வந்தார். எனக்கு உடனே ஒரு நப்பாசை.

"ஏங்க, குடுக்கமாட்டேன்ட்டாங்களா?"

"குடுக்கறாங்க. ஏட்டு ஒண்ணு கேட்டாரு. பேங்க் வேலதான் முடிஞ்சிபோச்சே, லைசென்ஸ்ல இருபத்தஞ்சு தோட்டான்னு போட்டிருந்தா வீட்ல இருபத்தஞ்சும் வெச்சுக்கணுமான்னு கேட்டாரு. எத்தன வேணும்னு முடிவு பண்ணிட்டு திங்கக்கெழம வாங்க, மீதிய துப்பாக்கிக் கடைக்காரர்கிட்ட ஒப்படைக்க ஏற்பாடு பண்றேன்னாரு. உன்னையும் கூட்டியாரச் சொன்னாரு. வீட்ல இருக்கறவங்களும் ஒத்துக்கிட்டு எடுத்துட்டுப் போனா அவருக்கும் நிம்மதியாம்."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு திரும்பி, "நீ இன்னா சொல்ற? எத்தன வெச்சுக்கலாம்?" என்று கேட்டார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தத் துப்பாக்கி விஷயத்தில் என்னை அவர் ஒரு வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கேட்டவுடனே சொன்னால் மதிப்பு இருக்காது என்று, "யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

நிஜமாகவே யோசித்தேன். ஆபீஸில் ஒரு சொத்தைப் பிரிக்கும்போது எங்கள் நொத்தேர் என்ன செய்வார் என்றால், எதற்காக அது இருக்கிறது என்று முதலில் கேட்பார். கிணறு தண்ணீருக்கு, வழி நடக்க. அதைக் கேட்டுவிட்டால் பாதி சண்டை அடங்கிவிடும். அப்படியே நானும் கேட்டுப் பார்த்தேன். தோட்டா எதற்கு? திருடன் வந்தால் என்றால், எங்கள் வீட்டில் திருட வருகிறவன் தப்பான விலாசத்துக்கு வந்தவனாகத்தான் இருப்பான். அவனுக்கு ஒரு சத்தம் போதும். பாம்பு வந்தால் ஃபயர் சர்வீஸுக்குப் போன் செய்தால் வந்து பிடித்துப் போகிறார்கள். வேட்டைக்குப் போவதென்றால் சட்டம் விடாது, இவருக்கும் மனசு வராது. இருபத்தைந்து இருந்தால் ஆபத்துதான் இருபத்தைந்து மடங்கு. வீட்டுக்கு வந்து போகிறவர்கள் இருக்கிறார்கள், கதவு திறந்து கிடக்கிற நேரம் இருக்கிறது, வயதாக வயதாக இவருக்கு மறதி வருகிறது. பழசானால் வெடிக்குமா வெடிக்காதா என்பதும் தெரியாது. அதற்காக ஒன்றுமே வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. தோட்டா இல்லாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னால் அந்த மனுஷர் வாடிப் போவார். எனக்கு அதன் மேல்தான் பொறாமை, அவர் மேல் இல்லையே.

கடைசியில் துப்பாக்கியிடமே விட்டுவிட்டேன். அதற்கு இரண்டு குழல். ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அதற்கு மேல் வைத்தால் ஆசை, அதற்குக் கீழே வைத்தால் அவமானம். இரண்டுதான் நியாயம் என்று பட்டது. பத்திரத்தில் அடித்தால் யாரும் எதிர்த்துப் பேச முடியாத மாதிரி ஒரு நியாயம். எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னேன். சுண்டைக்காய் வற்றல் குழம்பு, அவருக்குப் பிடித்தது. என் காரணங்களை எல்லாம் வரிசையாகச் சொல்லி, "அதனால ரெண்டு போதும்" என்று முடித்தேன்.

அவர் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும், அது எனக்காக வருகிறது இல்லை.

"அவளும் ரெண்டுன்னுதான் சொன்னா" என்றார்.

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். துப்பாக்கி வாங்கி வந்த அன்றைக்கே அவள் கேட்டாளாம், இதெல்லாம் எத்தனை என்று. இருபத்தைந்து என்றதும், அத்தனையும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று வாசலிலேயே நின்றுவிட்டாளாம். இவர் கெஞ்சிப் பார்த்தும் உள்ளே விடவில்லை. கடைசியில் இரண்டே இரண்டு மட்டும் வீட்டுக்கு வந்தன. மீதியை மேனேஜரிடம் சொல்லி பேங்க் ஸ்ட்ராங் ரூமில் ஒரு பெட்டியில் போட்டு வைத்தாராம். அவள் இருந்த வரைக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

"ரெண்டுன்னு எப்படிச் சொன்னாங்க? கொழா ரெண்டுங்கறதாலயா?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன்.

"அதெல்லாம் அவளுக்கு இன்னா தெரியும். அவளுக்குச் சத்தம்னா பயம். ரெண்டு தடவ வெடிச்சா தாங்கிக்குவேன், மூணாவது தடவ வெடிச்சா நான் செத்துருவேன்னா."

சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். இத்தனை வருஷம் கழித்து, அவள் சொன்ன ஒரு பேச்சு, வார்த்தை மாறாமல் அவரிடம் இருக்கிறது. நான் இப்போதுதான், இந்த நிமிஷம், மூச்சைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு காரணம் சொன்னேன். அதில் ஒன்றை நாளைக்கு ஞாபகம் வைத்திருப்பாரா? நான் மண்டையை உடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடத்தில் அவள் பயந்துகொண்டே போய் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்புறம் இருபத்தஞ்சும் எப்ப வீட்டுக்கு வந்துச்சு?"

"அவ போனதுக்கப்புறம் எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன். வேணாம்னு சொல்ல ஆள் இல்ல."

"அப்புறம் நான் வந்தனே."

"நீ கேக்கலியே" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. நான் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறேன் என்று சொல்வது போல, தெரிந்த ஒரு விஷயத்தைச் சொன்னார். பிறகு மோர் கேட்டார்.

மோரை ஊற்றினேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவள் வாசலில் நின்று இரண்டுக்கு மேல் உள்ளே விடாதவள். நான் தலைமாட்டில் இருபத்தைந்தை வைத்துக்கொண்டு பதினாறு வருஷம் தூங்கியவள். கேட்பதுதான் மனைவியின் வேலை என்றால் அந்த வேலையை அவள் முதல் நாளே செய்து முடித்துவிட்டாள். நான் வீம்பு பிடித்து எண்ணாமல் இருந்ததை இவர் அக்கறை இல்லாமை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு வேளை, இவளுக்குத் துப்பாக்கி பழகிவிட்டது, இவள் தைரியசாலி என்று பெருமைகூடப் பட்டிருப்பார்.

"அப்ப இருபத்தஞ்சும் இருக்கட்டும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இப்பதான ரெண்டுன்ன?"

"இப்ப வேணாம்னு தோணுது."

"ஏன்?"

"தோணுது" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துவிட்டேன் என்பது குழாயடியில்தான் தெரிந்தது. திரும்பிக் கொண்டுபோய் வைக்கவும் மானம் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் மனசுக்குள் எண்களோடு மல்லுக்கு நின்றேன். அவர் மீன் வாங்கப் போகலாமா என்று கேட்டார், தலைவலி என்றேன். இருபத்தைந்து என்பது கோபத்தில் சொன்னது. அத்தனையும் திரும்பி வந்தால் இனி என்னால் அந்த அறையில் படுக்க முடியாது, இப்போது எண்ணிக்கை தெரிந்துவிட்டது. பத்து என்றால் ஏன் பத்து என்று என் மனசுக்குள் இருக்கிற நொத்தேர் கேட்பார். ஒன்று என்றால் ஒரு குழல் சும்மா கிடக்கும், அதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். ஒன்றுமே வேண்டாம் என்றால் சரி என்பார், தெரியும் எனக்கு. சரி என்று சொல்லிவிட்டு, அவள் நகையை எல்லாம் கொடுத்து வாங்கிய பொருளை இவள் வெறும் இரும்பாக ஆக்கிவிட்டாள் என்று வாய் திறக்காமல் நினைப்பார். அதை நான் காலமெல்லாம் அவர் முதுகில் படிக்க வேண்டியிருக்கும்.

எப்படிச் சுற்றி வந்தாலும் இரண்டில்தான் வந்து நின்றது. அதுதான் சரியான எண். அதுதான் எனக்கு ஆத்திரம். இரண்டு என்று நான் ஸ்டேஷனில் சொன்னால், என் வாயை வைத்து அவள் பேசினதாக ஆகும். இவர் காதில் அவள் குரல்தான் விழும். வீட்டுக்கு வந்து லாக்கரைத் திறக்கும்போதெல்லாம், அவ சொன்னபடியே ஆச்சு பாரு என்று நினைத்துக்கொள்வார். என் சொந்தப் புத்தியால் கண்டுபிடித்த ஒரு விஷயம், அதுகூட எனக்கு இல்லையா? கூடத்தைப் பெருக்கும்போது படத்தைப் பார்த்தேன். வட்ட முகம் சிரித்தது. "உனக்கென்ன" என்றேன் சத்தமாகவே.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போனோம். நான் நல்ல புடவை கட்டிக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை. ஏட்டு மரியாதையான ஆள், எனக்கு நாற்காலி போடச் சொன்னார். உள்ளே இருந்து துப்பாக்கியைக் கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார்கள். உறையில் தூசி படிந்திருந்தது. இவர் கை தானாகப் போய் அதைத் தட்டிவிட்டது. அந்தக் கை என் தோளில் இருந்த ஒரு நூலைக்கூட எடுத்ததில்லை. தோட்டாப் பையையும் கொண்டு வந்து பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் நிறுத்தினார்கள். முதல் முறையாக நான் அவற்றைச் சேர்ந்தாற்போலப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

"சொல்லுங்க ஐயா, எத்தன எடுத்துக்கறீங்க?" என்றார் ஏட்டு.

இவர் என் பக்கம் கையைக் காட்டினார். "அவங்களக் கேளுங்க. அவங்க சொல்றதுதான்."

இதைக் கேட்கத்தான் நான் கல்யாணமான நாளில் இருந்து ஏங்கியிருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. ஊரறிய, ஒரு போலீஸ்காரர் முன்னால், இந்த வீட்டில் இவள் சொல்வதுதான் என்று. அதே மூச்சில், இதே மாதிரி அன்றைக்கு அவள் சொன்னதையும் கேட்டாரே என்ற நினைப்பும் வந்தது. அந்த வட்ட முகம் வாசலில் நின்றதை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அந்த நிமிஷம் கண்முன்னால் பார்த்தேன்.

"மூணு" என்றேன்.

ஏட்டு பேனாவை நிறுத்தினார். "மூணாம்மா? கொழா ரெண்டுதான? ஒண்ணு ரெண்டா எடுத்துக்கோங்க, இல்ல நாலா எடுத்துக்கோங்க. மூணு இன்னா கணக்கு?"

"மூணு இருக்கட்டும்."

"இல்ல, கேக்கறேன். அந்த மூணாவது எதுக்கு?"

நொத்தேர் ஆபீஸில் இத்தனை வருஷம் வேலை செய்தவள், ஒரு பாகத்துக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகம் சூடாகிவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கூட எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமையில் இருந்து நான் பேசாததையும், தட்டை எடுத்துக்கொண்டு போனதையும், மீன் வாங்க வராததையும் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பது எனக்கே தெரிந்தது. மெதுவாக மேஜைப் பக்கம் குனிந்தார். வரிசையில் இருந்து இரண்டு தோட்டாக்களை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை எடுத்து, பித்தளையில் ஏறியிருந்த பச்சையைக் கட்டைவிரலால் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார்.

"மூணாவது அவங்களுது" என்று ஏட்டிடம் சொன்னார்.

ஏட்டு ஒன்றும் புரியாமல் எழுதிக்கொண்டார். நாங்கள் கையெழுத்துப் போட்டோம். இவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், நான் தோட்டாவை மூடிய கையோடு பின்னால் வந்தேன். அது நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது, ஒரு வார்த்தை கேட்காமல் புரிந்துகொண்டார் என்று நெஞ்சு நிறைந்து போனது. இதற்கு முன்னால் என்னை யாரும் இப்படி ஒரே பார்வையில் படித்ததில்லை. ஸ்டேஷன் படியில் இறங்கும்போதுதான் உறைத்தது. மூன்றாவது என்னுடையது என்றால் முதல் இரண்டும் யாருடையவை என்பதையும் அவர் அதே வாயால் சொல்லிவிட்டார், நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.